கோதுமை ஒவ்வாதார்க்கு ஏற்ற நாளாந்த உணவு

இலங்கையில் கோதுமை வர்த்தக அளவில் விளைவதில்லை. ஆயினும் காலையிற் பாண், பத்து மணிக்குப் பணிஸ், மாலையில் விசுக்கோத்து, இரவில் ரொட்டி என நாளொன்றில் நான்கு முறை கோதுமையை உண்ணும் இல்லங்கள் நகரங்களில் மட்டுமன்றிக் கிராமங்களிலும் பல உள. இவ்வுணவு பெரும்பாலோர்க்குத் தீங்கு செய்வதில்லை. ஒரு சிலருக்கோ, ஒரு துண்டுப் பாண்தானும் குடலைப் புண்படுத்த வல்லது. அத்தகையோர் வீட்டில் இருப்பின், அவர்க்கு எதனைச் சமைப்பது, எவ்வாறு சமைப்பது, எவற்றை விலக்குவது என்பனவற்றை இல்லத்தார் அறிந்திருத்தல் இன்றியமையாதது. இதற்கு விலையுயர்ந்த பிறநாட்டு மாவகைகள் தேவையில்லை. வேண்டிய தானியங்களும் கிழங்குகளும் பருப்புகளும் இந்நாட்டு வயல்களிலும் தோட்டங்களிலும் விளைகின்றன.

ஒரு சிறுமியின் நிலை

வன்னிப் பகுதிக் கமக்காரர் இல்லமொன்றில் நிகழக்கூடியதைச் சான்றாகக் கொள்ளலாம். அங்கு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கின்றாள். ஈராண்டுகளாக அவள் உயரம் கூடவில்லை. முகம் வெளிறியிருக்கின்றது. வயிறு ஊதி, கையும் காலும் மெலிந்துள்ளன. வயிற்றோட்டம் வருவதும் நிற்பதுமாக உள்ளது. பூச்சியினால் வந்த வருத்தமென எண்ணிப் பூச்சி மருந்து கொடுக்கப்படுகின்றது. இரும்புச்சத்துக் குளிசைகளும் கொடுக்கப்படுகின்றன. குருதிச்சோகை தீரவில்லை. பிள்ளைக்குச் சத்துப் போதவில்லையென்று கருதிய தாயார், கோதுமையும் பார்லியும் பருப்புகளும் வறுத்துத் திரித்த சத்துமாவைக் காலையும் மாலையும் கரைத்துக் கொடுக்கின்றார். இடையிடையே மோல்ட் பானமும் ஊட்டப்படுகின்றது. அன்பினால் ஊட்டப்பட்ட அவ்வுணவே நோயை வளர்க்கின்றது என்பதை அவர் அறியார்.

பின்னர் அரசினர் வைத்தியசாலையிற் குருதிப் பரிசோதனையும், அதன்பின் சிறுகுடற் பரிசோதனையும் நடைபெறுகின்றன. சிறுமிக்குச் சீலியாக் நோய் உளதென வைத்தியர் கூறுகின்றார். மருந்தென்று ஒன்றும் கொடுக்கப்படவில்லை. கோதுமை, பார்லி, றை என்னும் மூன்று தானியங்களையும் அவற்றாற் செய்யப்பட்ட யாவற்றையும் வாழ்நாள் முழுவதும் விலக்குமாறு கூறப்படுகின்றது. அன்று மாலை அடுப்படிக்குச் சென்ற தாயார் முன்னுள்ள வினா யாதெனில், நாளைக் காலை பிள்ளைக்கு எதனைக் கொடுப்பது என்பதேயாகும்.

நோயின் இயல்பு

கோதுமை மாவை நீர்விட்டுப் பிசைந்து, அவ்வுருண்டையை ஓடும் நீரிற் கழுவினால், வெண்ணிற மாப்பொருள் கரைந்து போய்விடும். கையில் எஞ்சுவது இறப்பரைப் போன்று இழுபடும் ஒரு பொருளாகும். அதுவே குளூட்டன் எனப்படும் பசையப் புரதம். பாண் பொங்கி எழுவதும், ரொட்டி கிழியாது வீச்சுக்கு இடங்கொடுப்பதும் இப்பசையத்தினாலேயே. பார்லி, றை ஆகிய தானியங்களிலும் இதனை ஒத்த புரதங்கள் உள.

சீலியாக் நோயுடையார் இப்பசையத்தை உண்ணும்போது, உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் சொந்தச் சிறுகுடலையே தாக்குகின்றது. உணவை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து தட்டையாகின்றன. இதனால் இரும்பு, கல்சியம், போலிக்கமிலம் முதலியன உடலிற் சேராது கழிகின்றன. பிள்ளைகளின் வளர்ச்சி குன்றுகின்றது. வளர்ந்தோரிடத்துத் தீராத குருதிச்சோகை, எலும்பு நலிவு, களைப்பு, வாய்ப்புண் முதலியன தோன்றலாம். சிலரிடத்து வயிற்று வருத்தம் சிறிதுமின்றி, கடிக்கும் கொப்புளங்கள் தோலில் மட்டும் தோன்றுவதுமுண்டு.

இந்நோய் தொற்றுவதன்று. பரம்பரைத் தன்மை உடையது. உலகில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடத்து இது காணப்படுகின்றது. கோதுமையை முதன்மை உணவாகக் கொண்ட வட இந்தியாவிலும் ஏறக்குறைய இதே அளவே அறியப்பட்டுள்ளது. நோயாளரின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோர்க்கு இது வரும் வாய்ப்பு ஏனையோரினும் பன்மடங்கு அதிகமாகலின், அவர்களும் பரிசோதிக்கப்படுதல் நன்று. முதலாம் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளிடத்தும் இது கூடுதலாகக் காணப்படும்.

கோதுமையால் வரும் வருத்தம் யாவும் சீலியாக் நோயன்று. கோதுமை ஒவ்வாமை என்பது வேறு; அதில் உண்ட சிறிது நேரத்திலே தடிப்பும் வீக்கமும் மூச்சிரைப்பும் தோன்றலாம். இவையிரண்டும் இன்றியே, கோதுமை உண்டபின் வயிற்றுப் பொருமலும் களைப்பும் அடைவோரும் உளர். எது எவ்வகை என்பதை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும். ஈண்டு ஒரு செய்தியை வலியுறுத்தல் தகும். பரிசோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்தினாற் குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் குறைந்து, குடலும் ஆறத் தொடங்கி, நோய் இருந்தும் இல்லையெனப் பரிசோதனை காட்டக்கூடும்.

உணவே மருந்தென அறியப்பட்ட வரலாறு

1888 ஆம் ஆண்டில் இலண்டன் நகர வைத்தியர் சாமுவேல் ஜீ என்பார் இந்நோயின் குறிகளைத் தெளிவாக விளக்கி, இதற்குத் தீர்வு உண்டெனில் அது உணவு முறையினாலேயே கிட்டும் எனக் கருதினார். எவ்வுணவு தீங்கு செய்கின்றது என்பது அவர்க்குத் தெரிந்திலது. அதனைக் கண்டறிந்தவர் ஒல்லாந்து நாட்டுக் குழந்தை வைத்தியர் விலெம் காரெல் டிக்கே ஆவார். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில், ஒல்லாந்தில் பெரும் பஞ்சம் நிலவியது. பாண் கிடைத்தற்கரிதாயிற்று. ஏனைய பிள்ளைகள் வாடிய அக்காலத்தில் இந்நோயுற்ற பிள்ளைகள் தேறினர். பாண் மீண்டும் வந்தபோது அவர்கள் மீண்டும் நோயுற்றனர். கோதுமையைப் பற்றி முன்னரே ஐயங்கொண்டிருந்த டிக்கே தம் ஆய்வினை 1950 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அன்று முதல் இந்நோய்க்கு உணவு விலக்கே மருந்தாக இருந்து வருகின்றது.

அதே போர்க்காலத்தில் இலங்கையில் நிகழ்ந்ததோ மறுதலையானது. 1942 ஆம் ஆண்டிற் பர்மா வீழ்ந்தமையால் அந்நாட்டு அரிசி வருவது நின்றது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா பங்கீட்டில் வழங்கப்பட்டது. போர் முடிந்த பின்னரும் கப்பல்களில் வந்த மா நின்றபாடில்லை. கோதுமை மாவை அமெரிக்கன் மா என வழங்கும் வழக்கம் தமிழ்ப் பகுதிகளிற் பரவியது. இவ்வாறு அரிசியும் குரக்கனும் ஒடியலும் ஆண்ட அடுப்படியிற் கோதுமை நிலைகொண்டது. ஆகவே கோதுமையை விலக்கல் என்பது, இந்நாட்டவரைப் பொறுத்தவரை, புதிய உணவொன்றைக் கற்பதன்று. பாட்டிமார் அறிந்திருந்த சமையலுக்குத் திரும்புதலேயாகும்.

தீங்கற்ற உணவுகள்

அரிசி, குரக்கன், சோளம், இறுங்கு, தினை, சாமை, வரகு ஆகிய தானியங்களில் நோயாளரைப் பாதிக்கும் பசையம் இல்லை. உழுந்து, பயறு, கௌபி, கடலை, துவரை, பருப்பு, சோயா அவரை என்பனவும் தீங்கற்றவை. மரவள்ளி, வற்றாளை, கருணை, இராசவள்ளி முதலிய கிழங்குகளும், ஈரப்பலா, பலாக்காய், ஒடியல் மா, கித்துள் மா, கூவை மா என்பனவும் ஏற்றவை. மரக்கறி, கீரை, பழம், தேங்காய், எள், நல்லெண்ணெய், பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியனவும் இயல்பில் தீங்கற்றவையே. குடல் புண்பட்ட தொடக்க காலத்திற் சிலருக்குப் பால் செரிமானம் ஆகாது வயிறு பொருமுவதுண்டு. குடல் ஆறியபின் பெரும்பாலும் அது தானே சீர்ப்படும்.

விலக்கவேண்டியவற்றின் பல பெயர்கள்

கோதுமை பல பெயர்களில் வீட்டினுள் நுழைகின்றது. கடையில் மா என்று மட்டும் கேட்டாற் கொடுக்கப்படுவது பெரும்பாலும் கோதுமை மாவே. ஆட்டா மா, ரவை, சேமியா, மக்கரோனி, நூடில்ஸ் என்பனவும் வழக்கமாகக் கோதுமையினின்றே பெறப்படுவன. பாண், பணிஸ், றோல்ஸ், பற்றிஸ், கொத்துரொட்டி, கேக், விசுக்கோத்து ஆகியவற்றைக் கூறவேண்டியதில்லை. பாண் தூளிற் புரட்டிப் பொரித்த கட்லற்றும் அவ்வாறே. மோல்ட் பானங்கள் பார்லியினாலும், சிலவேளை கோதுமையினாலும் ஆக்கப்படுகின்றன. சோயா சோஸ் பலவற்றிற் கோதுமை உண்டு. கூட்டுப் பெருங்காயத்திற் கோதுமை மா கலக்கப்படுவது வழக்கம். ஓட்ஸ் தானியம் தன்னளவிற் பெரும்பாலோர்க்குத் தீங்கு செய்யாதாயினும், வயலிலும் ஆலையிலும் கோதுமையுடன் கலந்துவிடுவதால், பசையமற்றதெனக் குறிக்கப்பட்டதை மட்டும் வைத்தியரின் அறிவுரைப்படி உண்ணல் வேண்டும்.

இவற்றினும் கூடுதலாகக் கவனிக்கவேண்டியவை அரிசி உணவெனப் பெயர் பெற்றவையாகும். யாழ்ப்பாணப் பகுதிப் புட்டிலும் இடியப்பத்திலும் வறுத்த அரிசி மாவுடன் அவித்த கோதுமை மாவைச் சேர்த்தல் பல வீடுகளின் வழக்கம். தோசைக்கு அரைத்த உழுந்துடன் கோதுமை மாவைக் கரைத்தலும் உண்டு. அப்ப மாவிற் பாண் துண்டை ஊறவிட்டுப் புளிக்கவைப்போரும் உளர். கடைகளில் விற்கப்படும் குரக்கன் ரொட்டியிற் பாதிக்கு மேற் கோதுமை இருத்தல் கூடும். கொழுக்கட்டை, மோதகம், முறுக்கு, அரியதரம், பயற்றம்பணியாரத்தின் மேற்பூச்சு, சிலவேளை உழுந்து வடையுங்கூட இக்கலப்புக்கு உட்பட்டவையே. பெயரை நம்பாது, என்ன மாவினாற் செய்யப்பட்டது என வினவியறிதல் வேண்டும்.

பொதியிலடைத்த உணவுகளை வாங்கும்போது அதன்மேல் அச்சிடப்பட்ட சேர்மானங்களை முற்றாகப் படித்தல் வேண்டும். கோதுமை இல்லை என்னும் குறிப்பு மட்டும் போதாது. பார்லியோ மோல்ட்டோ இருத்தல் கூடும். பசையமற்ற உணவெனக் குறிக்கப்படுவதில், கிலோ ஒன்றிற்குப் பசையம் 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது சர்வதேச உணவு நியமமாகும். இவ்வளவு சிறிய அளவு வரையறுக்கப்பட்டுள்ளமையிலிருந்தே, சிறு துகளுக்கும் அஞ்சவேண்டியுள்ளமை புலனாகும்.

ஆலையிலும் அடுப்படியிலும் காவல்

சொந்த வயலில் விளைந்த குரக்கனும் நெல்லும் கோதுமையைக் கண்டதில்லை. கலப்பு நேர்வது அறுவடைக்குப் பின்னரேயாகும். மா திரிக்கும் ஆலையில் ஒருவர் சத்துமாவுக்குக் கோதுமையும் பார்லியும் திரித்த அதே பொறியில் அடுத்தவரின் அரிசி திரிக்கப்படுகின்றது. பொறியினுள் தங்கிய மா அரிசி மாவுடன் சேர்கின்றது. இதனைத் தவிர்க்கச் சிறந்த வழி, நோயாளர்க்கு வேண்டிய மாவை வீட்டில் உரலில் இடித்தல், அன்றேற் சிறு கையாலையிலோ மின் அரைப்பானிலோ அரைத்தல் ஆகும். அது இயலாதவிடத்து, கோதுமை திரிக்காத ஆலையைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். பொறியைத் துப்புரவாக்குவித்து, முதலில் ஓரிரு கிலோ அரிசியைத் திரித்து அதனைக் கோழிக்கு ஒதுக்குதலாற் கலப்புக் குறையும்; முற்றாக நீங்குமெனக் கொள்ளலாகாது.

வீட்டிலுள்ள பொருள்களிற் சில கழுவினாலும் துப்புரவாகா. பனையோலையால் இழைத்த நீத்துப்பெட்டியின் இழைகளுக்கிடையில் மா தங்கும். சுளகும், மா அவிக்கும் துணியும், அரிதட்டின் வலையும், மரத்தாலான இடியப்ப உரலும், இடியப்பத் தட்டுகளும் அத்தகையனவே. இவற்றில் நோயாளர்க்கென ஒவ்வொன்று புதிதாக வாங்கி, சிவப்பு நூலொன்று கட்டி வேறாக வைத்தல் வேண்டும். நீத்துப்பெட்டி ஒன்றின் விலை ஒரு முறை வைத்தியசாலைக்குச் சென்று வரும் செலவினும் குறைந்ததே. உலோகப் பாத்திரங்களையும் கண்ணாடிப் பாத்திரங்களையும் சவர்க்காரமிட்டு நன்கு கழுவினாற் போதும்.

கோதுமை மாவை அரிக்கும்போது அது காற்றிற் பறந்து திறந்த பாத்திரங்களிற் படியும். ஆகவே நோயாளரின் உணவை முதலிற் சமைத்து மூடி வைத்தபின்னரே ஏனைய சமையலைத் தொடங்கல் வேண்டும். றோல்ஸ் பொரித்த எண்ணெயில் அவர்க்கு அப்பளமோ வடையோ பொரித்தலாகாது. பாணைத் தொட்ட கரண்டியாற் சம்பலையும், வெண்ணெயையும், பழப்பாகையும் எடுத்தலாகாது. இயலுமாயின், சில காலத்திற்கேனும், வீடு முழுவதும் கோதுமையின்றி உண்டல் யாவற்றினும் எளிதான காவலாகும்.

கோதுமையின்றிச் சமைக்கும் முறை

பசையம் இல்லாத மாவுக்கு இழுபடும் தன்மை இல்லை. ஆகையாற் குளிர்ந்த நீர்விட்டுப் பிசைந்தால் அது உதிரும்; உருட்டுக்கட்டையால் தேய்த்தாற் கிழியும். இதற்கு மூன்று மாற்றுகள் உள. கொதிநீர் விட்டாற் மாப்பொருள் வெந்து ஒட்டும். உழுந்தையும் வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்தால் அவற்றின் வழுவழுப்பு மாவைப் பிணைக்கும். புளிக்கும்போது எழும் காற்றையும் தாங்கும். அவித்த சோறோ கிழங்கோ சிறிது சேர்த்தாலும் மா ஒன்றுபடும். இம்மூன்றையும் அறிந்தவர்க்கு எவ்வுணவும் அரிதன்று.

அரிசி மாப் புட்டு: சிவப்புப் பச்சையரிசியை இரண்டு அல்லது மூன்று மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, இடித்து அரித்துக்கொள்க. மாவை இளஞ்சூட்டில், நிறம் மாறாது, ஈரம் நீங்கி மணம் எழும்வரை வறுத்து ஆறவிடுக. இரண்டு சுண்டு மாவுக்கு உப்புக் கலந்த சுடுநீர் ஏறக்குறைய ஒரு சுண்டு வேண்டும். மாவின் தன்மைக்கேற்ப இது கூடலாம் அல்லது குறையலாம். நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து அகப்பைக் காம்பினாற் கிளறி, பின் விரல்களாற் சிறு குறுணல்களாக உதிர்த்து, தேங்காய்ப்பூச் சேர்த்து நீத்துப்பெட்டியிலிட்டுப் பத்து முதற் பதினைந்து நிமிடம் அவிக்குக. அவித்த கோதுமை மா சேர்த்த புட்டின் மென்மை வேண்டுவோர், நீரை மேலும் சிறிது கூட்டி, அவித்ததும் சூட்டோடு மூடி வைக்கலாம்.

கோதுமை சேராத தோசை: உழுந்து ஒரு சுண்டு, பச்சையரிசி இரண்டு சுண்டு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றை ஐந்து அல்லது ஆறு மணி நேரம் ஊறவைக்குக. ஒரு பிடி சோறு சேர்த்துப் பட்டுப்போல் அரைத்து, உப்பிட்டு, இரவு முழுவதும் புளிக்க விடுக. காலையில் வெங்காயம், செத்தல் மிளகாய், சீரகம், கறிவேப்பிலை தாளித்துச் சேர்த்து, மஞ்சள் சிறிது இட்டுச் சுடுக. அமெரிக்கன் மா இட்ட தோசைக்கு இது சுவையிற் குறைந்ததன்று.

குரக்கன் ரொட்டி: குரக்கன் மா இரண்டு சுண்டு, வறுத்த அரிசி மா அரைச் சுண்டு, தேங்காய்ப்பூ ஒரு சுண்டு, சிறிதாக அரிந்த வெங்காயமும் பச்சை மிளகாயும், உப்பு ஆகியவற்றைக் கலந்து, கொதிநீர் விட்டு அகப்பையாற் கிளறி மூடிவைக்குக. பத்து நிமிடத்தின் பின் கையாற் பிசைந்து, எண்ணெய் பூசிய வாழையிலையில் வைத்து விரல்களால் தட்டுக. இலையோடு தூக்கிச் சூடான தட்டிற் கவிழ்த்து, இலையை உரித்தெடுத்து, இருபுறமும் வேகவைக்குக. தேய்த்தாற் கிழியும் மா, தட்டினாற் கிழியாது.

கிழங்குகள்: மரவள்ளிக்கிழங்கைத் தோல் முற்றாக நீக்கித் துண்டுகளாக்கி, மூடாத பாத்திரத்தில் மிகுந்த நீரில் நன்கு அவித்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிடல் வேண்டும். ஒடியல் மாவைப் புட்டுக்கோ கூழுக்கோ எடுக்குமுன், நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை இறுத்துக் கயர்ப்பு நீக்கல் வேண்டும்.

ஒரு நாளின் உணவு பின்வருமாறு அமையலாம். காலையில் அரிசி மா இடியப்பமும் சொதியும் முட்டையும். பாடசாலைக்கு அவித்த கௌபியும் வாழைப்பழமும். நண்பகலிற் சோறு, பருப்பு, முருங்கையிலை வறை, மீன்கறி. மாலையில் எள்ளுருண்டை அல்லது அவித்த வற்றாளங்கிழங்கு. இரவிற் குரக்கன் புட்டும் கறியும். குரக்கனின் 100 கிராமிற் கல்சியம் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. நலிந்த எலும்புகளுக்கு அது உதவும். இரும்புக்கும் போலிக்கமிலத்துக்கும் கீரைகளையும் பருப்புகளையும் நாள்தோறும் சேர்த்தல் நன்று. தேசிக்காய்ச் சாறோ நெல்லிக்காயோ உடன் உண்டால், இரும்பு உடலிற் சேர்வது கூடும். வெள்ளையரிசியை மட்டும் நம்பியிருப்பின் நார்ப்பொருளும் உயிர்ச்சத்துகளும் குறையுமாதலின், தவிடு முற்றாக நீக்காத சிவப்பரிசியை விரும்பி உண்டல் வேண்டும்.

வெளியிடத்து உணவு

நோயாளர்க்கு வீட்டினும் வெளியிடமே இடர் மிக்கது. திருமண வீட்டிலும் கோயில் அன்னதானத்திலும் சோறும் மரக்கறியும் பெரும்பாலும் ஏற்றவையாயினும், சாம்பாரிற் பெருங்காயம், பாயசத்திற் சேமியா, பொரியலிற் கோதுமை மாப் பூச்சு என்பன இருத்தல் கூடும். பொங்கலும் கடலையும் பழமும் நம்பத்தக்கவை. வடமாகாணத்தில் அம்மாச்சி என்னும் பெயரிலும், ஏனைய இடங்களில் ஹெல பொஜுன் என்னும் பெயரிலும் பெண்கள் நடத்தும் உணவகங்களில் அரிசி, குரக்கன், ஒடியல் முதலிய உள்ளூர் உணவுகள் கண்முன்னே சமைக்கப்படுகின்றன. சமைப்பவரிடமே நேரில் வினவக்கூடியமை அங்குள்ள நன்மையாகும். எனினும் மாக் கலப்பையும் ஒரே கல்லிற் கோதுமை ரொட்டி சுடப்படுகின்றதா என்பதையும் அங்கும் கேட்டறிதல் வேண்டும்.

பாடசாலையில் ஆசிரியர்க்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தல் தகும். பிறந்தநாளன்று வகுப்பிற் கேக் பகிரப்படும்போது நோயுற்ற பிள்ளை தனித்துப் பார்த்திருத்தல் துயர்தருவது. ஆசிரியரிடம் சில எள்ளுருண்டைகள் போத்தலில் இருப்பின் அத்துயர் நீங்கும்.

அன்பினால் விளையும் தவறுகளும் உண்டு. மேலே கூறப்பட்ட சிறுமியின் இல்லத்தில் மூன்று மாதங்களின் பின் வயிற்றோட்டம் மீண்டும் வருகின்றது. தாயார் பாத்திரங்களையும் மாவையும் ஆராய்கின்றார். தவறு எதுவும் புலப்படவில்லை. இறுதியில், பேத்தி ஆசைப்படுகின்றாளே என இரங்கி, அப்பம்மா தம் தேநீரில் தோய்த்த பாண் துண்டில் ஒரு கடி நாள்தோறும் கொடுத்து வந்தமை தெரியவருகின்றது. ஒரு கடி என்ன செய்யும் என்பதே அம்மூதாட்டியின் எண்ணம். அவரைக் கடிந்துரைத்தலாற் பயனில்லை. ஒரு கடி செய்யும் தீங்கு இன்னதென விளக்கிக் கூறப்பட்டதும், பாணைத் தாமும் விட்டு, காலையிற் குரக்கன் ரொட்டியைத் தம் கையாலே தட்டிக் கொடுக்கத் தொடங்குகின்றார். குடும்பத்தில் ஒருவர்க்கு விலக்கு விதிக்கப்படின் அனைவரும் அதனைப் புரிந்துகொள்ளல் இன்றியமையாதது என்பதை இச்சான்று காட்டும்.

வீட்டுத் தேவைக்குப் பயிரிடல்

கமக்காரர் இல்லங்கள் இத்தேவைகளிற் பெரும்பகுதியைத் தம் நிலத்திலே பெறலாம். கால் ஏக்கர் மேட்டுநிலம் இருப்பின், பெரும்போக மழையுடன் குரக்கனையும் உழுந்தையும் விதைத்தல் சாலும். குரக்கன் வறட்சியைத் தாங்கும். மூன்றரை முதல் நான்கு மாதங்களில் முற்றும். கதிர்கள் ஒருங்கே முற்றாவாகலின், முற்றியவற்றை இரண்டு மூன்று முறை கொய்தெடுத்தல் வேண்டும். நன்கு உலர்த்திய குரக்கனைப் பூச்சிகள் எளிதில் அணுகா; ஆண்டுக்கணக்கிற் சேமித்து வைக்கலாம். உழுந்து ஏறத்தாழ இரண்டரை மாதத்திலும், பயறு அதனிலும் சற்று முந்தியும் அறுவடைக்கு வரும். வேலியோரத்தில் முருங்கையும், கிணற்றடியில் வல்லாரையும் பொன்னாங்காணியும், கோடியில் மரவள்ளியும் வாழையும் இருப்பின் கடைக்குச் செல்லவேண்டிய தேவை குறையும். விதையும் பயிர்ச்செய்கை அறிவுரையும் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகல் வேண்டும்.

1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்திலும், 2022 ஆம் ஆண்டு நெருக்கடியிற் கோதுமை மாவின் விலை ஏறிய காலத்திலும், குரக்கனும் மரவள்ளியும் விளைந்த இல்லங்கள் பசியினின்று காக்கப்பட்டன. நோயாளர் ஒருவர்க்காகச் செய்யும் இப்பயிர்ச்செய்கை இல்லத்தார் யாவர்க்கும் காப்பாக அமையும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

பரிசோதனை முடியுமுன் கோதுமையை நிறுத்தற்க. முடிந்து நோய் உறுதியானபின் ஒரு துகளையும் உண்ணற்க. வருத்தம் நீங்கியபின்னரும் விலக்கைத் தளர்த்தலாகாது. நோய் அடங்கியிருக்குமேயன்றி நீங்குவதில்லை. மா எதனால் ஆனது, எங்கே திரிக்கப்பட்டது, எப்பாத்திரத்திற் சமைக்கப்பட்டது என்னும் மூன்று வினாக்களையும் ஒவ்வொரு வேளையும் கேட்டல் வேண்டும். வைத்தியர் குறித்த நாளில் மீண்டும் பரிசோதனைக்குச் செல்லுதலும் வேண்டும்.

இவ்வாறு ஒழுகின், பிள்ளைகளிடத்துச் சில வாரங்களிலே பசியும் உற்சாகமும் திரும்பும். குடல் முற்றாக ஆறுவதற்குப் பல மாதங்களோ அதனிலும் கூடிய காலமோ செல்லலாம். வன்னிச் சிறுமியின் இல்லத்தில், கதவு நிலையில் அவளுடைய உயரத்தைக் குறித்த கரிக்கோடு ஈராண்டுகள் ஒரே இடத்தில் நின்றது. குரக்கன் அறுவடை முடிந்து அடுத்த பெரும்போகம் வருமுன், அதன்மேல் இரண்டு கோடுகள் புதிதாக இடப்பட்டிருக்கும்.